மிதந்து போன வீடுகள், உருண்டு வரும் வீடுகள்

கனடாவின் கிழக்கு ஓரத்தில், அட்லாண்டிக் கடலுக்குள் தள்ளி நிற்கும் பெரிய தீவு நியூஃபவுண்ட்லாந்து. நோவா ஸ்கோஷியாவின் நார்த் சிட்னி துறையில் கேம்பர் வேனைக் கப்பலில் ஏற்றினால், ஏறக்குறைய ஏழு மணி நேரத்தில் தீவின் தென்மேற்கு முனையான போர்ட் ஓ பாஸ்க்கில் இறக்கிவிடுவார்கள். அங்கே தொடங்கும் நெடுஞ்சாலை சுமார் 900 கிலோமீட்டர் ஓடிக் கிழக்கே தலைநகர் செயின்ட் ஜான்ஸில் முடிகிறது. நிற்காமல் ஓட்டினால் ஒரு பகல் போதும். கேம்பர் வேனில் வருபவர்கள் அப்படி ஓட்டுவதில்லை. நெடுஞ்சாலையிலிருந்து பிரியும் கிளைவழிகள் பலவும் ஏதேனும் ஒரு கடற்கரைச் சிற்றூரில் போய் முடிகின்றன. பயணமே அந்தக் கிளைவழிகளில்தான் இருக்கிறது.

1949-இல் இந்தத் தீவு கனடாவுடன் இணைந்தபோது அந்த நெடுஞ்சாலை கிடையாது. தீவின் குறுக்கே போக ரயில் ஒன்றுதான் இருந்தது. நம் பழைய மீட்டர் கேஜைவிடச் சற்றே அகலமான, 1,067 மில்லிமீட்டர் பாதை. 1898-இல் முதல் பயணிகள் வண்டி தீவைக் கடக்க 28 மணி நேரம் எடுத்துக்கொண்டது. பின்னாளிலும் வேகம் பெரிதாகக் கூடிவிடவில்லை. மக்கள் கேலியாக அதற்கு ‘புல்லட்’ என்று பெயர் வைத்தார்கள். 1965-இல் நெடுஞ்சாலை முழுவதும் தார் கண்டது. நான்கே ஆண்டுகளில், 1969-இல், பயணிகள் ரயில் நின்றது. 1988-இல் சரக்கு ரயிலும் நின்று, தண்டவாளங்கள் பெயர்த்தெடுக்கப்பட்டன. இருப்புப்பாதை கிடந்த தடம் இன்று 883 கிலோமீட்டர் நீளமுள்ள ஒரு பூங்கா. நடப்பவர்களும் மிதிவண்டிக்காரர்களும் நான்கு சக்கர பைக் ஓட்டுபவர்களும் அதில் போகிறார்கள்.

ரயிலில் போனவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு ஓர் இரவையாவது சேர்ந்து கழித்தார்கள். கேம்பர் வேனில் வருபவர்கள் தங்கள் கட்டிலையும் அடுப்பையும் தாங்களே கொண்டு வருகிறார்கள். யாரையும் எதிர்பார்க்க வேண்டியதில்லை. யாரோடும் பேச வேண்டிய அவசியமும் இல்லை.

கப்பலிலிருந்து இறங்கிய சிறிது தூரத்திலேயே ரெக்ஹவுஸ் என்ற இடம் வரும். இடப்பக்கம் கடல், வலப்பக்கம் மலை. அந்த மலையின் இடுக்குகள் வழியே தென்கிழக்குக் காற்று மணிக்கு 200 கிலோமீட்டர் வரை வேகம் பிடித்துக் கீழிறங்கும். முன்பு ரயில் பெட்டிகளையே அது தடம் புரட்டியிருக்கிறது. அதனால் 1939 முதல் ரயில்வே நிர்வாகம் அங்கேயே குடியிருந்த லாக்கி மக்டூகல் என்ற விவசாயியை மாதம் 20 டாலர் கூலிக்கு அமர்த்தியது. காற்றின் போக்கைக் கணித்து, ரயிலை விடலாமா நிறுத்தலாமா என்று நிலையத்துக்குத் தொலைபேசியில் சொல்வதுதான் அவர் வேலை. அவரிடம் கருவி எதுவும் இல்லை. காற்றை முகர்ந்தே சொல்லிவிடுவார் என்று ஊர் நம்பியது. 1965-இல் அவர் இறந்த பிறகு அவருடைய மனைவி சில ஆண்டுகள் அந்தப் பொறுப்பைத் தொடர்ந்தார். இன்று வானிலைத் துறை ரெக்ஹவுஸுக்கென்றே காற்று எச்சரிக்கை வெளியிடுகிறது. உயரமான வண்டி ஓட்டுபவர்கள் துறைமுகத்திலேயே கைப்பேசியில் அதைப் பார்த்துவிட்டுக் காற்று தணியும்வரை காத்திருக்கிறார்கள். காற்று மாறவில்லை. அதை அறிந்து சொல்லும் பொறுப்பு ஒரு குடும்பத்திடமிருந்து ஓர் அலுவலகத்துக்குப் போயிருக்கிறது. முன்னைவிடத் துல்லியம் கூடியிருக்கிறது. எச்சரித்தவருக்கு நேரில் நன்றி சொல்லத்தான் வழியில்லை.

இலையுதிர் காலத்தில் இங்கே வருவதற்குக் காரணங்கள் உண்டு. கொசுவும் கடிக்கும் கறுப்பு ஈயும் ஒழிந்திருக்கும். பிர்ச் மரங்கள் மஞ்சளாகியிருக்கும். மரமே இல்லாத பொட்டல்களில் புளூபெர்ரிச் செடிகளின் இலைகள் செம்பட்டு விரித்ததுபோல் சிவந்திருக்கும். பார்ட்ரிட்ஜ்பெர்ரி என்ற புளிப்புப் பழம் பழுத்து, ஊரே வாளியோடு பொட்டலில் குனிந்து நிற்கும். ஆபத்தும் அதே மாதங்களில்தான். 1904-இல் ஹவ்லி என்ற ஊருக்கு அருகே நான்கு மூஸ் மான்களைக் கொண்டுவந்து விட்டார்கள். இன்று தீவில் அவை ஒரு லட்சத்துக்கு மேல். ஆண்டுக்குச் சில நூறு வண்டிகள் மூஸ் மீது மோதுகின்றன. அந்தி சாய்ந்தபின் கேம்பர் வேனை எடுக்காதே என்பதுதான் இங்கே எல்லாரும் சொல்லும் முதல் அறிவுரை. ரயில் காலத்தில் இரவும் பயணப் பொழுதுதான். சாலைக் காலத்தில் இரவு நிற்பதற்கான பொழுது.

அப்படி நிற்கும் இடங்களில் ஒரு விசித்திரம் உண்டு. சாலை போடக் கிராவல் வெட்டியெடுத்த பள்ளங்கள் நெடுஞ்சாலை ஓரமெங்கும் கிடக்கின்றன. கழிவுநீர் இணைப்போ கட்டணமோ இல்லாத அந்தப் பள்ளங்களில் உள்ளூர்க் குடும்பங்கள் பல தலைமுறையாக வார இறுதிக்கு டிரெய்லரை இழுத்துவந்து நிறுத்துகின்றன. பக்கத்திலேயே ஏதாவது ஓர் ஏரி இருக்கும். கரியேறிய கெட்டிலில் தேநீர் கொதிக்கும். சாலை கொடுத்த இன்னொன்றும் உண்டு. வடக்குத் தீபகற்பத்தில் சாலைக்காகப் புரட்டிப் போட்ட கரிமண்ணில் ஊர்க்காரர்கள் உருளைக்கிழங்கும் டர்னிப்பும் முட்டைக்கோசும் பயிரிடுகிறார்கள். வீட்டுக்கும் தோட்டத்துக்கும் சில கிலோமீட்டர் இடைவெளி இருக்கும். வேலி மூஸுக்காக. முன்பு தோட்டம் வீட்டை ஒட்டி, பாறைகளுக்கு இடையே கிடைத்த கைப்பிடி மண்ணில் இருந்தது. கேப்லின் மீனும் கடற்பாசியும் அதற்கு உரம். விளைந்த கிழங்கைக் குளிர்காலம் முழுதும் உறையாமல் காக்க, மேட்டைக் குடைந்து கல்லால் கட்டிய நிலவறை. எலிஸ்டன் என்ற சிற்றூரில் மட்டும் இப்படி நூற்றுக்கு மேற்பட்ட நிலவறைகள் இன்னும் நிற்கின்றன. 1839-இல் கட்டியதும் அவற்றில் ஒன்று. ஊர் இன்று தன்னை உலகின் கிழங்கறைத் தலைநகர் என்று அழைத்துக்கொள்கிறது. அன்று பசியைத் தள்ளிப்போட்ட அறையை இன்று பயணிகள் எட்டிப் பார்க்கிறார்கள்.

எந்தச் சிற்றூருக்குள் நுழைந்தாலும் முதலில் ஒரு குழப்பம் ஏற்படும். பழைய வீடுகள் சாலைக்கு முதுகைக் காட்டிக்கொண்டிருக்கும். அவை கட்டப்பட்டபோது சாலையே இல்லை, கடல்தான் தெரு. பாதிரியார், மருத்துவர், தபால், மாவு மூட்டை, பெண் பார்க்க வருபவர் என எல்லாம் படகில் வந்தன. வீட்டின் முகம் துறையைப் பார்த்தது. பின்னால் வந்த சாலை ஊரின் கொல்லைப்புறமாக நுழைந்தது. இன்று ஊருக்கு வரும் ஒவ்வொருவரும் கொல்லைப்புறமாகவே வருகிறோம்.

சாலையும் மின்சாரமும் பள்ளியும் மருத்துவமனையும் ஆயிரத்துக்கு மேற்பட்ட சின்னஞ்சிறு துறைகளுக்குக் கொண்டுபோக முடியாது, மக்கள்தான் அவை இருக்கும் இடத்துக்கு வர வேண்டும் என்று அரசு முடிவு செய்தது. 1954-இல் மாகாண அரசின் திட்டம் தொடங்கியது. ஊரை விட்டுப் போக எல்லாக் குடும்பங்களும் சம்மதிக்க வேண்டும். குடும்பத்துக்கு 150 டாலர் கொடுத்தார்கள், பின்பு அது 600 வரை உயர்ந்தது. 1965-இல், நெடுஞ்சாலை முடிந்த அதே ஆண்டில், மத்திய அரசும் சேர்ந்துகொண்டது. சம்மதம் நூற்றுக்குத் தொண்ணூறு போதும் என்றானது, பிறகு எண்பது. தொகை குடும்பத்துக்கு 1,000 டாலர், தலைக்கு 200. 1975-இல் திட்டம் முடிந்தபோது ஏறத்தாழ 300 ஊர்களிலிருந்து சுமார் 30,000 பேர் வெளியேறியிருந்தார்கள்.

பலர் வீட்டையும் கூடவே கொண்டுபோனார்கள். மரவீடுகள். அடித்தூண்களிலிருந்து நெம்பியெடுத்து, உருளைக்கட்டைகள் மேல் ஏற்றி, ஊர் ஆண்கள் எல்லாரும் கயிறு பிடித்துப் பாட்டுப் பாடி இழுத்துக் கரைக்குக் கொண்டுவந்தார்கள். சுற்றிலும் காலி எண்ணெய்ப் பீப்பாய்களைக் கட்டி, நீர் ஏறும் நேரம் பார்த்து மிதக்கவிட்டு, விசைப்படகுகளால் விரிகுடாவைக் கடந்து இழுத்துப் போனார்கள். பிளசென்ஷியா விரிகுடாவின் தீவுகளிலிருந்து அப்படி வந்த குடும்பங்கள் பல ஆர்னால்ட்ஸ் கோவ் என்ற ஊரில் கரையேறின. நெடுஞ்சாலையிலிருந்து சில நிமிடத்தில் இன்று அங்கே போய்விடலாம். கல்லறைகளை யாராலும் மிதக்கவிட முடியவில்லை. அவை பழைய இடத்திலேயே நின்றன.

வந்த இடத்தில் கிடைத்தவை உண்மையானவை. காசநோய்க்கு மருத்துவமனை, பிள்ளைக்கு எட்டாம் வகுப்புக்கு மேலும் படிப்பு, சுவிட்சைப் போட்டால் வெளிச்சம். இழந்தவையும் அப்படியே. புதிய துறையில் நல்ல மீன்தளங்கள் ஏற்கனவே வேறொருவர் கையில் இருந்தன. எந்தப் பாறையடியில் எந்த மாதம் மீன் நிற்கும் என்று தாத்தாவிடம் கற்றது பழைய நீருக்கு மட்டுமே பொருந்தியது. வாக்குறுதி கொடுத்த ஆலை வேலைகள் எல்லாருக்கும் கிடைக்கவில்லை.

போக மறுத்தவர்களும் உண்டு. ஃபோகோ தீவை 1960-களில் காலிசெய்யச் சொல்லும் பேச்சு எழுந்தது. 1967-இல் கனடாவின் தேசியத் திரைப்பட வாரியமும் மெமோரியல் பல்கலைக்கழகமும் அங்கே வந்து, மீனவர்கள் பேசியதையே 27 குறும்படங்களாக எடுத்தன. ஒரு துறையில் எடுத்ததை அடுத்த துறையில் போட்டுக் காட்டினார்கள். மதத்தாலும் தூரத்தாலும் பிரிந்திருந்த ஊர்கள், தங்கள் குறை ஒன்றே என்று திரையில் கண்டன. கூட்டுறவுச் சங்கம் அமைத்துச் சொந்தமாகப் படகு கட்டின, தீவு காலியாகவில்லை. 2013-இல் அதே தீவில், பாறை மேல் கால் ஊன்றி நிற்கும் 29 அறை விடுதி ஒன்று திறந்தது. லாபம் ஊருக்கே திரும்பும்படி அதை அமைத்தவர் ஜீட்டா காப், ஒரு மீனவரின் மகள். அங்கே ஓர் இரவுக்கான வாடகை, அன்று வீட்டைப் பெயர்த்துப் போக ஒரு குடும்பத்துக்குக் கொடுத்த தொகையைவிட அதிகம். பணமதிப்பு மாறியிருக்கிறது என்பது சரிதான். கடலைப் பார்த்த ஜன்னலின் மதிப்பும் மாறியிருக்கிறது.

கிழக்கே பொனவிஸ்டாவில் இந்தக் கதையின் மறுபாதி இருக்கிறது. 1843-இல் ஏற்றிய கலங்கரை விளக்கம் சிவப்பு வெள்ளைப் பட்டைகளோடு இன்றும் நிற்கிறது, அருங்காட்சியகமாக. 1962 முதல் கப்பல்களுக்கு வழிகாட்டுவது அருகிலிருக்கும் இரும்புக் கோபுரம். ஊருக்குள் ரயன் குடும்பத்தின் வணிகக் கிடங்குகள் பாதுகாக்கப்பட்டிருக்கின்றன. வசந்தத்தில் வலையும் உப்பும் மாவும் கடனாகக் கொடுப்பார் வணிகர். கோடை முழுதும் ஆண்கள் காட் மீனைப் பிடிப்பார்கள். பெண்களும் பிள்ளைகளும் அதைப் பிளந்து உப்பிட்டு, கம்பும் தழையும் பரப்பிய பரண்களில் காயவைப்பார்கள். கருவாடு போடத் தெரிந்த எவருக்கும் அந்த வேலையின் பதற்றம் புரியும்: வெயில் ஏறினாலும் கெடும், மூடுபனி இறங்கினாலும் கெடும். இலையுதிர் காலம் கணக்குத் தீர்க்கும் காலம். தரம் பிரிப்பவர் ஒவ்வொரு மீனையும் ஒரு பார்வை பார்த்து ஒரு குவியலில் எறிவார். விலையையும் வணிகரே சொல்வார். கடனைக் கழித்தபின் பல குடும்பங்களின் கையில் காசு நிற்காது. குளிர்காலத்துக்கு மறுபடியும் கடன். இன்று இந்த ஊர்களில் இலையுதிர் காலத்தின் கணக்கு வேறு. ஆலையிலும் படகிலும் விடுதியிலும் எத்தனை மணி நேரம் வேலை கிடைத்தது, குளிர்காலத்துக்கு வேலையின்மைக் காப்பீடு கிடைக்க அது போதுமா என்று எண்ணுகிறார்கள். வணிகரின் பேரேட்டுக்கு மேல்முறையீடு இல்லை, காப்பீட்டுக்கு உண்டு.

காட் மீன் மட்டும் அந்தக் கணக்கில் காணாமல் போனது. நூற்றாண்டுகளாகச் சிறு படகுகள் எடுத்ததைக் கடல் ஈடுகட்டியது. பிறகு ஐரோப்பாவிலிருந்து ஆலைக் கப்பல்கள் வந்தன. 1968-இல் வடபகுதிக் காட் மட்டும் எட்டு லட்சம் டன்னுக்கு மேல் பிடிபட்டது. 1977-இல் கனடா தன் எல்லையை 200 மைலுக்கு நீட்டி அந்நியக் கப்பல்களை விலக்கியது; இடத்தைத் தன் சொந்த இழுவைக் கப்பல்களால் நிரப்பியது. 1992 ஜூலை 2 அன்று மீன்வள அமைச்சர் ஜான் கிராஸ்பி தடையை அறிவித்தார். சுமார் 30,000 பேர் வேலை இழந்தார்கள். இரண்டு ஆண்டுகள் என்று சொன்ன தடை 32 ஆண்டுகள் நீடித்தது. 2024-இல் அதை விலக்கியபோது அனுமதித்த அளவு 18,000 டன். இடையில் பனி நண்டும் இறாலும் பணம் ஈட்டிக் கொடுத்தன. மீன்பிடித் தொழிலின் வருமானம் கூடியது, அதில் வாழும் ஆட்கள் குறைந்தார்கள். 1991-இல் 5,68,474 ஆக இருந்த மாகாண மக்கள்தொகை 2021-இல் 5,10,550.

செப்டம்பர் கடைசியில் சில நாட்கள், வீட்டுத் தேவைக்கு மட்டும் காட் பிடிக்க எல்லாருக்கும் அனுமதி உண்டு. ஆளுக்கு நாளொன்றுக்கு ஐந்து மீன். அந்த வாரத்தில் வந்தால், வெளியூரில் வேலை பார்க்கும் பிள்ளைகள் விடுப்பு எடுத்து ஊருக்கு வந்திருப்பதையும், துறையின் மேசையில் மூன்று தலைமுறை ஒன்றாக நின்று மீன் அரிவதையும் காணலாம். ஐந்தை எண்ணித்தான் போடுகிறார்கள். எண்ணாமல் அள்ளிய காலத்தை நேரில் கண்டவர்களும் அந்த மேசையில் இருக்கிறார்கள்.

இதே கரையில் தமிழர்களுக்கும் ஒரு பங்கு உண்டு. தீவின் தென்கிழக்கு முனையில் செயின்ட் ஷாட்ஸ் என்ற சிற்றூர். 1986 ஆகஸ்டில் அதற்கு அப்பால், மூடுபனியில், இரண்டு உயிர்காப்புப் படகுகளில் 155 பேர் மிதந்துகொண்டிருந்தார்கள். போருக்குத் தப்பி மேற்கு ஜெர்மனி வழியாகக் கப்பலேறி, நடுக்கடலில் இறக்கிவிடப்பட்ட இலங்கைத் தமிழர்கள். கஸ் டால்டன் என்ற மீன்பிடிப் படகுத் தலைவர் அவர்களைக் கண்டு தம் படகில் ஏற்றினார். மற்ற படகுகளும் வந்து சேர்ந்தன. காட் இன்னும் பிடிபட்ட காலம் அது, அதனால்தான் அந்த நீரில் படகுகள் இருந்தன. பின்பு பலர் மாண்ட்ரியலுக்கும் டொரண்டோவுக்கும் போய் வாழ்வை அமைத்துக்கொண்டார்கள். முப்பதாம் ஆண்டில், 2016-இல், சிலர் குடும்பத்தோடு திரும்பி வந்து டால்டனைச் சந்தித்தார்கள். டொரண்டோவிலிருந்து ஒரு தமிழ்க் குடும்பம் கேம்பர் வேனில் இன்று அங்கே போகலாம். அன்று வந்தவர்கள் ஊரின் முன்வாசலான கடல் வழியே வந்தார்கள். அப்படி வந்த கடைசி அந்நியர்களில் அவர்களையும் சேர்க்கலாம்.

ஊர்களைக் காலிசெய்வது முடிந்துபோன கதை அல்ல. லிட்டில் பே ஐலண்ட்ஸ் என்ற ஊர் 2015-இல் வாக்களித்தது. வேண்டிய 90 விழுக்காட்டுக்கு மயிரிழை குறைந்தது. 2019-இல் ஒருவர் விடாமல் சம்மதித்தார்கள். அந்த ஆண்டு டிசம்பர் 31 அன்று மின்சாரமும் படகுச் சேவையும் நிறுத்தப்பட்டன. ஒரு தம்பதி மட்டும் அங்கேயே இருந்துவிட்டார்கள். தொகை இப்போது வீட்டுக்கு 2,50,000 டாலர் முதல். வேண்டிய சம்மதம் இன்று 75 விழுக்காடு. ஊரை விட்டுப் போகிறவர்கள் இப்போது வீடுகளை மிதக்கவிடுவதில்லை. பூட்டிவிட்டு, கோடையில் வந்து திறக்கிறார்கள். கடலும் தன் பங்கை எடுக்கிறது: 2022 செப்டம்பர் 24 அன்று ஃபியோனா புயல், கேம்பர் வேன்கள் வந்திறங்கும் அதே போர்ட் ஓ பாஸ்க்கில், வீடுகளை அடித்தளத்தோடு இழுத்துப் போனது. ஒரு பெண் உயிரிழந்தார். நூற்றுக்கு மேற்பட்ட வீடுகள் அழிந்தன அல்லது பிறகு இடிக்கப்பட்டன.

இந்த ஊர்களைப் பழையபடி வைத்துக்கொள்ளச் சொல்லும் உரிமை வந்துபோகிறவர்களுக்கு இல்லை. குளிரும் கடனும் மருத்துவர் இல்லாத பிரசவமும் அவர்கள் அனுபவித்தவை அல்ல. சாலை அந்தத் துன்பங்களைக் குறைத்தது. ஊரைவிட்டுப் போவதை எளிதாக்கியதும் அதே சாலை. இரண்டையும் தனித்தனியாகப் பெற வழி இருக்கவில்லை. கேம்பர் வேனின் வசதி, பிடிக்காத ஊரிலிருந்து காலையில் சாவியைத் திருகிக் கிளம்பிவிடலாம் என்பது. இங்கே வாழ்ந்தவர்கள் வீட்டோடு கிளம்ப அண்டை வீட்டாரின் கையெழுத்தும் தேவைப்பட்டது. அந்தக் கையெழுத்தைக் கேட்கப் போனவருக்கும் போட மறுத்தவருக்கும் பல ஊர்களில் கடைசிவரை பேச்சுவார்த்தை இல்லை. எந்தத் தொகையும் ஈடுகட்டாத செலவு அதுதான்.